டிரைவர் அண்ணனின் துண்டில் படிந்த கரி

எங்கள் டிராக்டரை ஓட்டும் அண்ணன் தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். காலையில் கஞ்சிபோட்டு வெளுத்ததுபோல் இருக்கும் துண்டு, சேற்றுழவு நாட்களில் மாலைக்குள் கறுத்துவிடும். சேறு பட்ட இடம் காய்ந்தால் உதிர்ந்துவிடும். மூக்கும் வாயும் துடைத்த இடத்தில் ஒட்டியிருக்கும் கருப்பு வேறு மாதிரி. விரலால் தேய்த்தால் மை போல் பரவும், சோப்புக்குச் சீக்கிரம் போகாது. பல வருடங்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஆடி மாதத்தில் அவர் உழவை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து விடாமல் இருமியபோதுதான் அந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், வடகரப்பதிப் பக்கம். வீட்டிலும் கடையிலும் தமிழ்தான், அரசாங்கக் கடிதம் மட்டும் மலையாளத்தில் வரும். எங்கள் நிலம் மழைமறைவுக் கரிசல், நிலக்கடலையும் தென்னையும். நெல்லுழவு வாடகைக்கு மேற்கே நல்லேப்பிள்ளி, சித்தூர் என்று போவோம். எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் பாலக்காட்டுக் கணவாயில் மேற்கிலிருந்து காற்று அடிக்கத் தொடங்கும். எங்களுடையது 2004-ல் வாங்கிய வண்டி. சைலன்சர் டிரைவருக்கு எதிரே, பானெட்டுக்கு மேல் நிற்கும். கிழக்கே போகும்போது புகை வண்டிக்கு முன்னால் ஓடிவிடும். மேற்கே திரும்பினால் அத்தனையும் டிரைவரின் முகத்தில். நாள் முழுக்க உழுதால் பாதி நேரம் புகைக்குள்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து வயலில் நாற்று நடும் பெண்களும் அதைத்தான் சுவாசிப்பார்கள். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. அதை நான் பிறகுதான் படித்தேன். அதற்கு முன்பே எனக்கு அந்தத் துண்டு போதுமானதாக இருந்தது.

அந்தப் புகையைக் குறைக்க, தாவர எண்ணெயிலிருந்து வரும் உயிரி எரிபொருளை டீசலோடு கலந்து ஓட்டிப் பார்த்த கதை இது. முதலில் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் யாராவது இப்போதே அதைச் செய்துகொண்டிருக்கலாம்.

எங்கள் கால்வாய்க் கரையில் புங்கமரங்கள் உண்டு. மலையாளத்தில் உங்கு என்பார்கள். மாசி, பங்குனியில் காய் முற்றிக் காலடியில் கொட்டிக் கிடக்கும். பொறுக்கி, ஓடு நீக்கிச் செக்கில் கொடுத்தால் செம்பழுப்பில் கெட்டியாக எண்ணெய் வரும். பாட்டி காலத்தில் விளக்குக்கும் சொறிசிரங்குக்கும் அதுதான் எண்ணெய். பிண்ணாக்கு தென்னைக்கு உரம். ருடால்ஃப் டீசல் கண்டுபிடித்த எஞ்சினை 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் நிலக்கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள் என்று படித்திருந்தேன். கடலை விளையும் மண்ணில் பிறந்தவனுக்கு அந்தச் செய்தி தந்த உற்சாகத்தை எப்படிச் சொல்வது! புங்கெண்ணெயைத் துணியில் வடிகட்டி, ஐந்து லிட்டர் டீசலுக்கு ஒரு லிட்டர் வீதம் கலந்து ஊற்றினேன்.

வண்டி ஓடியது. அதுதான் ஆபத்தே. முதல் வாரம் புகையில் டீசல் நெடி குறைந்து வறுத்த வாசம் வந்தது. இழுவை குறையவில்லை. நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒன்றரை மாதத்தில் காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டது. பிறகு ஐட்லிங்கில் தடதடப்பு. பிறகு முன்பைவிட இரண்டு மடங்கு கரும்புகை. டிரைவர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, வேறொரு துண்டு கூடுதலாகக் கொண்டுவரத் தொடங்கினார்.

சித்தூரில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், டீசல் பம்ப் வேலை மட்டும்தான் செய்வார். நான் சேட்டன் என்று கூப்பிடுகிறவர். எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் மூன்று இன்ஜெக்டரையும் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். நாசிலின் நுனியில் ஊசிக் கண்ணைவிடச் சிறிய துளைகள் இருக்கும். அந்தத் துளைகளைச் சுற்றிக் கரி, குருவிக்கூடு போல் வெளியே விரிந்து கட்டியிருந்தது. ஒரு புது நாசிலை முதலில் சோதனைக் கருவியில் மாட்டி நெம்புகோலை அழுத்தினார். 'கிர்ர்' என்ற சத்தத்தோடு டீசல் பனிப்புகை மாதிரி பறந்தது, துளி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அடுத்து எங்கள் நாசிலை மாட்டினார். ஒரு துளையிலிருந்து கம்பி போல் நேராகப் பீய்ச்சியது, இன்னொன்றிலிருந்து கிணற்றுக் குழாய் போல் சொட்டியது. "இது எரியாது, கருகும்" என்றார். அன்று புரிந்ததை எந்தப் புத்தகமும் அவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

காரணம் எண்ணெயின் கெட்டித்தன்மை. பச்சைப் புங்கெண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு பிசுபிசுப்பானது. பம்ப் அதைத் தள்ளிவிடும், நாசிலால் பனியாக உடைக்க முடியாது. பெரிய துளிகள் முழுதாக எரியாமல் நாசிலிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரியாகும். மீதி சுவர்வழியே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்து அதைக் கூழாக்கும். செக்கு எண்ணெயானாலும் பழைய சமையல் எண்ணெயானாலும், வடிகட்டி அப்படியே டீசலில் கலந்து டிராக்டரில் ஊற்றாதீர்கள். பாரிஸில் ஓடிய எஞ்சினும் நம் வயலில் ஓடும் எஞ்சினும் ஒன்றல்ல.

நாசில்களை மாற்றி, ஆயிலை மாற்றி வண்டியைத் திருப்பித் தரும்போது சேட்டன் ஏர் கிளீனரைத் திறந்து காட்டினார். எங்களுடையது எண்ணெய்த் தொட்டி வகை. அடியில் இருக்க வேண்டிய ஆயில் கரிசல் மண்ணோடு சேர்ந்து களி போல் உறைந்திருந்தது. "இப்படி மூக்கை அடைத்து வைத்துவிட்டு எந்த எண்ணெயை ஊற்றினாலும் புகைதான்" என்றார். கரும்புகை என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை அல்லது எஞ்சினுக்குத் தாங்காத சுமை. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகை என்றால் எரிபொருள் எரியாமலே வெளியே வருகிறது. இந்த மூன்றையும் அவரிடம்தான் கற்றேன்.

அந்தப் பருவம் முழுக்க வேறெதையும் கலக்கவில்லை. கோடை உழவில் தினமும் ஏர் கிளீனர் தொட்டியைக் கழற்றிப் பார்த்தோம். கொக்கிக் கலப்பையின் தேய்ந்த கொழுக்களை மாற்றினோம். டிரைவர் அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது: சுமை ஏறினாலும் கியரை இறக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் ஏற்றுவார், எஞ்சின் முக்கும், கறுப்பாகக் கக்கும். அவரைவிட வயதில் சிறியவன் நான், எப்படிச் சொல்வது என்று தயங்கி, கடைசியில் சேட்டனையே வயலுக்கு அழைத்து வந்து காட்டச் சொன்னேன். ரோட்டவேட்டர் என்னும் சுழல் கலப்பையில் சேறு அடிக்கும்போது ஆழத்தை இரண்டு விரல்கடை குறைத்து, ஒரு கியர் இறக்கி, இரண்டு தடவையாக ஓட்டினார்கள். நேரம் கொஞ்சம் கூடியது. புகை பாதியாகக் குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. உயிரி எரிபொருள் ஒரு சொட்டுக்கூடச் சேராமல் கிடைத்த பலன் இது. யார் என்னிடம் வந்து கேட்டாலும் முதலில் இதைச் செய்யச் சொல்லித்தான் அனுப்புகிறேன். எஞ்சினைச் சரிசெய்யாமல் கலப்பு எண்ணெயைத் தேடுவது, ஓட்டைக் குடத்துக்கு நல்ல தண்ணீர் தேடுவது போலத்தான்.

அதன் பிறகுதான் முறையான பயோடீசல் பக்கம் திரும்பினேன். தாவர எண்ணெயில் ஒரு கிளிசரின் மூன்று கொழுப்பு அமிலங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. மெத்தனாலையும் காரத்தையும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால் கிளிசரின் கழன்று அடியில் இறங்கிவிடும், மேலே நிற்பது மெத்தில் எஸ்டர். அதுதான் பயோடீசல். பிசுபிசுப்பு டீசலுக்கு மிக அருகில் வந்துவிடும். நூறு கிலோ எண்ணெய்க்குச் சுமார் பத்துக் கிலோ கிளிசரின் பிரியும். சொல்லக் கேட்டால் ஊறுகாய் போடுவது போல் எளிது. வீட்டிலேயே செய்வதாகக் காட்டும் காணொளிகளும் நிறைய இருக்கின்றன.

தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள். மெத்தனால் குடித்தால் மட்டும் விஷம் என்று நினைக்க வேண்டாம். அதன் ஆவியை இழுத்தாலும் தோலில் பட்டாலும் உடம்புக்குள் போகும். எரியும்போது பகலில் அதன் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். இவ்வளவு விஷம் என்பதால் அதை வாங்க, வைக்க உரிமம் வேண்டும். எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக எரிசாராயம் கடத்தப்படுகிறதா என்று கலால்துறையினர் எப்போதும் கண்வைத்திருப்பார்கள். கேனோடு வண்டி வந்தால் நிறுத்தத்தான் செய்வார்கள், அது அவர்கள் கடமை. ஒருமுறை பில் இல்லாமல் இரண்டு கேன் பயோடீசல் கொண்டுவந்து அரை நாள் நின்றேன். கேனைத் திறந்து முகர்ந்து பார்த்து, மேலதிகாரியிடம் பேசி, கடைசியில் விட்டார்கள். அன்றிலிருந்து பில்லும் தரச்சான்று நகலும் இருக்கையின் அடியில் இருக்கும்.

புங்கெண்ணெயில் இன்னொரு தொல்லையும் உண்டு. காயைச் சில வாரம் குவித்து வைத்தாலே எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் ஏறிவிடும். இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் காரம் அதோடு சேர்ந்து சோப்பாகிவிடும், எஸ்டர் சரியாகப் பிரியாது. முதலில் அமிலம் கொண்டு ஒரு சுற்று, பிறகு காரம் கொண்டு ஒரு சுற்று என்று இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். ஆய்வுக்கூடம் உள்ளவர்கள் செய்யும் வேலை அது.

எங்களுக்கு வழி திறந்தது சிப்ஸ் கடைகளால். பாலக்காட்டுப் பக்கம் நேந்திரங்காய்ச் சிப்ஸ் போடாத ஊர் உண்டா? திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் 'ரூகோ' திட்டத்தைத் தொடங்கியது. பதிவுபெற்ற சேகரிப்பாளர்கள் கடைகளிலிருந்து எண்ணெயை எடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்புகிறார்கள். எங்கள் பக்கத்து டிராக்டர்காரர்கள் ஏழு பேர் சேர்ந்து, கோவைப் பக்கம் உள்ள ஒரு தயாரிப்பாளரிடம் மொத்தமாக வாங்குவது என்று பேசி முடித்தோம். தனியாளுக்குப் பத்து இருபது லிட்டருக்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஏழு பேர் சேர்ந்து ஒரு பீப்பாய் கேட்டபோது மரியாதையாகப் பேசினார்கள்.

நல்ல தேங்காய் எண்ணெயையோ கடலை எண்ணெயையோ எரிப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 2025-ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் நானூறு ரூபாயைத் தாண்டியபோது எங்கள் வீட்டு அடுக்களையிலேயே அளந்து ஊற்றினார்கள். சாப்பிட முடியாமல் போன எண்ணெய்தான் வண்டிக்கு.

முதல் முறை இருபது லிட்டர் டீசலுக்கு ஐந்து லிட்டர் பயோடீசல் கலந்தோம், அதாவது இருபது சதவீதக் கலப்பு. பயோடீசல் டீசலைவிடச் சற்றுக் கனமானது. அதனால் கேனில் முதலில் டீசலை ஊற்றி, அதன்மேல் பயோடீசலை ஊற்றினால் இறங்கும்போதே கலந்துவிடும். மாற்றி ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும். எங்களில் ஒருவர் டேங்கில் நேரடியாக ஊற்றி இப்படித்தான் அவதிப்பட்டார்.

மூன்றாம் நாள் நல்லேப்பிள்ளியில் நடு வயலில் வண்டி நின்றது. கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரம் முழங்கால் சேற்றில், நடவுக்கு ஆட்கள் வரப்பில் காத்திருக்கிறார்கள், வயல்காரரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டிரைவர் அண்ணன் டீசல் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே காகித மடிப்புகளுக்கு நடுவில் காப்பி மண்டி போல் பழுப்புக் கசடு. எனக்கு அடிவயிறு கலங்கியது, மறுபடியும் எண்ணெய் ஏமாற்றிவிட்டது என்றே நினைத்தேன். சேட்டனுக்குப் போன் செய்தேன். அவர் பதறவே இல்லை. பயோடீசல் நல்ல கரைப்பான், இருபது வருடமாக டேங்கிலும் குழாயிலும் படிந்திருந்த டீசல் கசடை அது கழுவிக் கொண்டுவந்திருக்கிறது, ஃபில்டரை மாற்றி, ஸ்க்ரூவைத் தளர்த்திக் காற்றை எடுத்துவிட்டு ஓட்டு என்றார். ஓட்டினோம். பத்து நாளில் இன்னொரு முறை அடைத்தது. அதன்பின் வழக்கமான இடைவெளிதான்.

பழைய வண்டிக்கு முதல் கலப்பை ஊற்றும் முன் டேங்கைக் கழற்றிக் கழுவிவிடுங்கள், இரண்டு ஃபில்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நடவு நெருக்கடி இல்லாத வாரத்தில் தொடங்குங்கள். முதலில் ஐந்து சதவீதம், பிறகு பத்து, பிறகு இருபது என்று ஏறியிருந்தால் அன்று அந்த வயல்காரர் முன் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன்.

ரப்பர் இன்னொரு விஷயம். மூன்று மாதம் கழித்து, மிஞ்சிய எரிபொருளை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் பைப் வேர்த்தது போல் ஈரமாக இருந்தது. அமுக்கிப் பார்த்தால் ஊறிய வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று. பழைய வகை ரப்பரை பயோடீசல் ஊதவைக்கும். வைட்டான் ரப்பர் குழாய்க்கு மாற்றினோம், அதன்பின் தொந்தரவில்லை. சேமிக்கும் பீப்பாயிலும் கவனம் தேவை. துத்தநாகம் பூசிய தகர டிரம்மும் பித்தளைக் குழாயும் வேண்டாம், அவை பட்டால் எண்ணெய் சீக்கிரம் கெடும். கெட்டியான பிளாஸ்டிக் கேன் போதும், நிழலில் வைக்க வேண்டும்.

புகை குறைந்ததா என்றுதானே கேட்பீர்கள்? எங்களிடம் கருவி இல்லை. நான் செய்தது இதுதான். ஒரே வயல், ஒரே ரோட்டவேட்டர், ஒரே கியர். சைலன்சர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கம்பியில் வெள்ளைத் துணி கட்டி, வெறும் டீசலில் பத்து நிமிடம், மறுநாள் அதே நேரத்தில் கலப்பில் பத்து நிமிடம். முதல் துணியின் நடுவில் அடுப்புக்கரி பூசியது போல் ஒரு வட்டம். இரண்டாவதில் சாம்பல் நிறம், நூலின் பின்னல் தெரிந்தது. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் அந்த இரண்டு துணிகளையும் இன்னும் வைத்திருக்கிறேன். நெடியும் மாறியது, கண் எரிச்சல் குறைந்தது என்று டிரைவர் அண்ணன் கேட்காமலே சொன்னார்.

கருவி வைத்து அளந்தவர்களின் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, லாரி போன்ற கனரக வண்டி எஞ்சின்களில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2002-ல் வெளியிட்ட அறிக்கையில், சோயா எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலை இருபது சதவீதம் கலந்தால் நுண்துகள் சுமார் 10 சதவீதமும், கார்பன் மோனாக்சைடு சுமார் 11 சதவீதமும், எரியாத ஹைட்ரோகார்பன் சுமார் 21 சதவீதமும் குறைவதாகக் கண்டிருக்கிறது. பயோடீசலின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. காற்றுப் பற்றாத இடத்திலும் அது எரிய உதவுகிறது. அதே அறிக்கையில் நைட்ரஜன் ஆக்சைடு சுமார் 2 சதவீதம் கூடுகிறது என்றும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். கரியமில வாயுவும் சைலன்சர் வாயில் பெரிதாகக் குறையாது. அந்தக் கார்பனைச் செடி காற்றிலிருந்துதான் எடுத்தது என்பதால் மொத்தக் கணக்கில் குறைகிறது. எனக்கு முக்கியம் டிரைவரின் நெஞ்சுக்குள் போகும் கரி, அது குறைந்தது.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் பணம் மிச்சமாகும் என்று எண்ணி இறங்க வேண்டாம். கேரளத்தில் டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் கூடுதல், அதனால் எங்களுக்குக் கொஞ்சம் கட்டுப்படியாகிறது. சில மாதங்களில் பயோடீசல் விலை டீசலைத் தொட்டுவிடும், அப்போது பத்து சதவீதமாகக் குறைத்துக்கொள்வோம். இருபது சதவீதக் கலப்பில் சக்தி ஒன்றிரண்டு சதவீதம் குறைவு. உழவில் எங்களால் அதை உணர முடியவில்லை. ஏற்றமான சாலையில் டிரெய்லர் இழுக்கும்போது மட்டும் ஒரு சிறு தளர்வு தெரிகிறது என்பார் அண்ணன்.

மழைக்காலம்தான் சோதனைக்காலம். பயோடீசல் காற்றிலுள்ள ஈரத்தை டீசலைவிட அதிகம் இழுக்கும். தண்ணீர் சேர்ந்தால் அடியில் பாசி போல் கிருமி வளரும். மாலையில் டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, நீர் கோர்க்காது. ஃபில்டருக்குக் கீழே உள்ள கண்ணாடிக் கிண்ணத்தைத் தினமும் காலையில் பார்க்க வேண்டும். தண்ணீர் சேர்ந்திருந்தால் அடியில் தெளிவாகத் தனியே நிற்கும். ஆறு மாதத்துக்கு மேல் எதையும் சேமிப்பதில்லை. உழவு ஓய்ந்து வண்டியை நிறுத்தும் முன், கடைசி டேங்க் வெறும் டீசலில் ஓடி முடிய வேண்டும், இல்லையென்றால் பம்புக்குள் பிசின் கட்டிவிடும். எஞ்சின் ஆயில் அளவுகோலையும் பாருங்கள். அளவு குறைவது வழக்கம். ஏறியிருந்தால் எரிபொருள் கீழே இறங்குகிறது என்று பொருள், உடனே மாற்றுங்கள்.

வாங்கும் ஒவ்வொரு பீப்பாயிலும் நான் செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி தண்ணீர், பாதி பயோடீசல் ஊற்றி மூடி, நன்றாகக் குலுக்கி ஜன்னலில் வையுங்கள். நல்ல சரக்கு அரைமணி நேரத்துக்குள் மேலே எண்ணெய், கீழே தண்ணீர் என்று கோடு போட்டாற்போல் பிரிந்துவிடும். சோப்போ சரியாக மாறாத எண்ணெயோ இருந்தால் பால் கலந்தது போல் நடுவில் ஒரு வெள்ளைப் படலம் நிற்கும், மணிக்கணக்கில் கலையாது. ஒரு முறை அப்படி ஒரு பீப்பாய் வந்தது. பாட்டிலைக் காட்டித் திருப்பி அனுப்பினோம், மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். தரச்சான்றில் ஐ.எஸ். 15607 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள், அது சுத்த பயோடீசலுக்கான இந்தியத் தரம். ஆறு முதல் இருபது சதவீதக் கலப்புக்கு ஐ.எஸ். 16531. விற்பனைக்கு மத்திய அரசு 2019-ல் நெறிமுறைகள் வகுத்திருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் டேங்கரை நிறுத்திவைத்துப் பாதி விலைக்கு பயோடீசல் என்று விற்பவர்களிடம் போகாதீர்கள். வெறும் தொழிற்சாலை எண்ணெய் அந்தப் பெயரில் விலைபோகிறது. எந்தச் சான்றும் இல்லாத எண்ணெய் எஞ்சினைக் கெடுத்தால் கேட்க நாதியில்லை.

புது வண்டி வைத்திருக்கும் தம்பிகள் என்னைப் பார்த்து அப்படியே செய்துவிட வேண்டாம். ஐம்பது குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் ட்ரெம் நான்கு என்ற கடுமையான புகை வரம்பு வந்துவிட்டது. அந்த எஞ்சின்களின் எரிபொருள் அமைப்பு மிக நுட்பமானது, புகையைப் பிடிக்கும் தனி அமைப்புகளும் உண்டு. பழைய பம்ப் பொறுத்துக்கொள்வதை அவை பொறுக்காது. கையேட்டில் எத்தனை சதவீதம் வரை சம்மதம் என்று போட்டிருக்கும். போடவில்லை என்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாரண்டி போய்விட்டால் இழப்பு லட்சத்தில். பெட்ரோல் பங்கில் வாங்கும் டீசலிலேயே ஏழு சதவீதம் வரை பயோடீசல் இருக்க இந்தியத் தரம் அனுமதிக்கிறது. 2030-க்குள் நாட்டின் டீசலில் ஐந்து சதவீதம் கலக்க வேண்டும் என்பது 2018 தேசியக் கொள்கையின் இலக்கு. அதற்கு முந்தைய 2009 கொள்கை 2017-க்குள் இருபது சதவீதம் என்றது, அது நடக்கவில்லை.

நடக்காததற்கு ஒரு காரணத்தை நாங்கள் நேரிலேயே பார்த்தோம். 2003-க்குப் பிறகு பயோடீசலுக்கான பயிர் என்று காட்டாமணக்கு பெரிதாகப் பேசப்பட்டது. தரிசில் நட்டால் போதும், தண்ணீர் வேண்டாம், பொன் விளையும் என்றார்கள். என் மாமா இரண்டு ஏக்கர் நட்டார். செடி சாகவில்லை, உண்மைதான். தண்ணீரும் உரமும் இல்லாமல் காயும் காய்க்கவில்லை. ஒரு காய்க்கொத்தில் பழுத்ததும் பச்சையும் சேர்ந்திருக்கும், பறிக்கக் கூலி கட்டவில்லை. நான்கு வருடத்தில் பிடுங்கி எறிந்துவிட்டுத் தென்னை வைத்தார். அந்தக் கோபத்தில் இன்றைக்கும் பயோடீசல் என்ற சொல்லை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே தோட்டப்பயிராக எதையும் நடச் சொல்ல மாட்டேன். கர்நாடகத்தில் ஹாசன் அருகே மாடேனூரில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் உயிரி எரிபொருள் பூங்கா அமைத்து, வரப்பிலும் வேலியிலும் புங்கன் போன்ற மரங்களை வளர்க்கச் சொல்கிறது. அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பயிர் நிலத்தைத் தொடாமல் கால்வாய் ஓரத்தில் பதினெட்டுப் புங்கன் வைத்திருக்கிறேன். காய்க்க இன்னும் சில வருடமாகும். காய்த்தால் செக்குக்கோ வண்டிக்கோ போகாது, முறையாகத் தயாரிப்பவரிடம் போகும். அதுவரை நிழல் இருக்கிறது.

டிரைவர் அண்ணனின் இருமல் முழுதாக நிற்கவில்லை. கோவையில் நுரையீரல் மருத்துவரிடம் காட்டினோம், மருந்து எடுக்கிறார், புகையை நேராக இழுக்காமல் முகக்கவசம் போட்டுக்கொள்கிறார். சைலன்சருக்கு மேல்நோக்கி இரண்டடி குழாய் நீட்டி, வாயைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டோம். வெல்டிங் கடையில் சில நூறு ரூபாய் வேலை. மேற்கே திரும்பும்போது இப்போது புகை தலைக்கு மேலே போகிறது. இதை இருபது வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

மூலத்தறை வலதுகரைக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, இரண்டாம் போக உழவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். நேற்று மூன்று நாசிலையும் கழற்றிச் சேட்டனிடம் கொண்டுபோனேன். இரண்டு பனியாகத் தூவுகின்றன. ஒன்று லேசாகச் சொட்டத் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஒரு பருவம் தாங்கும் என்றார். தாங்க வேண்டாம், மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.